டிரங்கிங்கில் நீர் சொட்டுகிறதா? ஏர்கான் குழாய்க்குப் புது உறை போடும் முறை

ஏர்கான் குழாய்களை மூடிச் செல்லும் பிளாஸ்டிக் பெட்டியான டிரங்கிங்கின் நடுவில் நீர் சொட்டினால் முதலில் ஏர்கானை அணைத்து, சொட்டு நிற்கும்வரை பொறுங்கள். பிறகு உள்கருவியின் வடிதட்டில் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நிமிடங்களில் மறுபடி சொட்டினால் வடிகுழாயில் ஓட்டையோ விட்டுப்போன இணைப்போ இருக்கிறது. சொட்டாவிட்டால் பெரும்பாலும் குழாய்தான் வேர்க்கிறது. அதற்குத் தீர்வு புது இன்சுலேஷன், அதாவது குழாயைச் சுற்றிப் போடும் ரப்பர் உறை.

30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சிங்கப்பூர்க் காற்றில், ஏறக்குறைய 26 டிகிரிக்குக் கீழ் குளிர்ந்த எதன்மீதும் நீர் படியும். காப்பர் குழாய் 10 டிகிரிக்கும் கீழே போகும். அதனால் உறையின் கனம் மட்டும் போதாது, காற்று உள்ளே புக இடமே இருக்கக் கூடாது. ஒரு சிறு பிளவு கிடைத்தாலும் ஈரக்காற்று புகுந்து, குழாயைத் தொட்டு நீராகும். மேலே டேப் சுற்றினால் இது நிற்காது, சொட்டும் இடம்தான் மாறும்.

மூடிய கலமுள்ள (closed-cell, ஈரம் எளிதில் ஊடுருவாத) ரப்பர் உறையே வாங்குங்கள். 13 மி.மீ. கனம் காற்றோட்டமுள்ள இடத்தில் தாக்குப்பிடிக்கும். டிரங்கிங்குக்குள்ளும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலும் காற்று அசையாததால் உறையின் மேற்பரப்பு இன்னும் குளிரும், அங்கே 19 மி.மீ. போடுவதே பத்திரம். உறையின் உள்விட்டம் குழாய்க்குச் சரியாக இருக்கட்டும்: கால் அங்குலக் குழாய் 6.35 மி.மீ., 3/8 அங்குலக் குழாய் 9.52, அரை அங்குலம் 12.7. ஒரே வெளிக்கருவியில் மூன்று, நான்கு உள்கருவிகள் ஓடும் சிஸ்டம் 3, சிஸ்டம் 4 போன்றவற்றில், குளிர்திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்துக் குளிரவைக்கும் விரிவு வால்வு வெளிக்கருவியிலேயே இருப்பதால் மெல்லிய குழாயும் குளிர்ந்தே வரும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி உறை. வடிகுழாய்க்கு 9 மி.மீ. போதும்.

மின்சாரத்தை அணைத்து டிரங்கிங் மூடியைக் கழற்றுங்கள். நனைந்த பழைய உறையை மிச்சம் வைக்காமல் வெட்டி எடுங்கள். ஈரத்தின்மேல் புது உறை போட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். கத்தி காப்பரில் படக் கூடாது, குழாயை வளைக்கவும் கூடாது. துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

புது உறையை நீளவாக்கில் கீறி மாட்டுங்கள். இழுத்து நீட்டாதீர்கள், நீட்டிய ரப்பர் பின்னர் சுருங்கி மூட்டில் வாய் பிளக்கும். அளவைவிடச் சற்று நீளமாக வெட்டி, நெருக்கிப் பொருத்துங்கள். கீறலின் இரு முகத்திலும், துண்டுகள் சேரும் முனைகளிலும் காண்டாக்ட் பசையை மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்துங்கள். ஈரப்பசையில் அழுத்தினால் ஒட்டாது. சன்னல்கள் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு வேண்டாம்.

பலரும் கோட்டைவிடுவது இரண்டு இடங்களில்: உள்கருவிக்குப் பின்னால் நட்டு இணையும் பகுதி, குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடம். இரண்டிலும் உறை அறுபடாமல் தொடர வேண்டும். கேபிள் டையை இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் ரப்பர் நசுங்கிக் கனம் குறைந்து, அங்கேயே வேர்க்கும். 19 மி.மீ. உறை பழைய டிரங்கிங்கில் அடங்காவிட்டால் திணிக்காதீர்கள், பெரிய டிரங்கிங் வாங்குங்கள்.

பசை இறுக 36 மணி நேரம் ஏர்கானைப் போடாதீர்கள். பிறகு மூடியை மாட்டாமலே, மழை பெய்யும் ஓர் இரவில் சில மணி நேரம் ஓடவிட்டு, மூட்டுகளை டிஷ்யூத் தாளால் ஒற்றிப் பாருங்கள். தாள் நனையும் மூட்டைப் பிரித்து மறுபடி ஒட்டியபின் மூடியைப் பூட்டலாம்.