இருவாச்சிப் பறவைக் கூட்டின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடும் முன்

வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி பக்கம் போகிறவர்கள் முதலில் போன் கேமராவின் செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு நீங்கிவிடும். தரம் குறையக் கூடாதென்று டாக்குமெண்டாக அனுப்பினால், எடுத்த இடமும் அதோடு போய்ச் சேரும்.

கூடு என்றால் இது ரொம்ப முக்கியம். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, சிறு பிளவு வழியே அலகை நீட்டித்தான் ஆண் கொண்டுவரும் அத்திப்பழத்தை வாங்கும். இடம் தெரிந்து மரத்தடியில் கூட்டம் நின்றால் ஆண் வரத் தயங்கும். உள்ளே தாயும் குஞ்சும் பட்டினி.

‘எந்த இடம் அண்ணா?’ என்று குழுவில் கேட்டால் ‘வால்பாறை வட்டாரம்’ என்று சொன்னால் போதும். நெருங்கிய நண்பரா? சரி, குஞ்சு பறந்த பிறகு நீங்களே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.