லேப்டாப் கொதிக்கிறதா? முதலில் அதைத் திருப்பிப் பாருங்கள்

பெயர்தான் மடிக்கணினி. மடியில் வைத்தால் அதற்கு மூச்சு முட்டும். பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை உள்ளே இழுத்து, திரை மடங்கும் இடத்திலோ பக்கவாட்டிலோ வெளியே தள்ளுகின்றன. கீழே ஒட்டியிருக்கும் ரப்பர் கால்களின் உயரம் சில மில்லிமீட்டர்தான். மெத்தையில் வைத்தால் அந்த இடைவெளியும் போய்விடும். கட்டிலில் உட்கார்ந்துதான் வேலை பார்ப்பேன் என்றால், அடியில் ஒரு பரீட்சை அட்டையாவது வையுங்கள்.

அடுத்த தவறு, சூட்டை வைரஸ் என்று நினைப்பது. ப்ராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாமோ "ஸ்லோ ஆயிடுச்சு" என்று ஃபார்மட் போடுகிறோம். நானும் இரண்டு முறை போட்டேன். கடைசியில் அடிமூடியைக் கழற்றினால், ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் தூசி, கம்பளித்துண்டு மாதிரி படிந்திருந்தது. இடுக்கியால் இழுத்ததும் ஒரே பட்டையாக வந்தது. ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் காற்று போகிறது என்று நம்பியிருந்தேன்.

அதைச் சுத்தம் செய்வதிலும் வினை உண்டு. புளோயரை அப்படியே அடித்தால் ஃபேன் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் கெட்டுப்போகலாம். ஆஃப் செய்து, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு பல்குச்சியால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸர் வேண்டவே வேண்டாம். காற்றோடு ஈரமும் வரும்.

ப்ராசஸர் சிப் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையை அள்ளிப் பூசினால் அதிகம் குளிரும் என்பது தப்புக்கணக்கு. சிப்புக்கும் செம்புக்கும் நடுவிலுள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பத்தான் அது. தடித்தால் அதுவே தடை. பேஸ்ட்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) பக்கம் போகிறவர்கள் கவனம்: அதிலுள்ள காலியம் என்ற உலோகம் அலுமினியத்தை அரித்துவிடும், சிந்தினால் ஷார்ட் ஆகும்.

எல்லாப் பழியும் நம் மேல் இல்லை. மெல்லிய உடம்புக்குள் பெரிய ப்ராசஸரைத் திணித்தால் சூடு எங்கே போகும்? 2018இல் ஐ9 ப்ராசஸருடன் வந்த 15 அங்குல மேக்புக் ப்ரோ, கடும் வேலையில் வேகம் குறைகிறது என்று புகார் எழுந்து, ஆப்பிள் சில நாட்களிலேயே மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. 2020இல் ஆப்பிளின் சொந்த எம்1 சிப்போடு வந்த மேக்புக் ஏரிலோ ஃபேனே கிடையாது. சிப் அவ்வளவு குறைவாகச் சூடாகிறது. ஆக, வாங்கும்போது ஒல்லியை மட்டும் பார்க்காதீர்கள்.

லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் ஃபேன் பலகையான கூலிங் பேட்? அடியில் துளையே இல்லாத மாடலுக்குப் பெரிய பயன் இல்லை. தூசியை எடுக்காமல் அதை வாங்குவதும் வீண்செலவு.

எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பில் 80 சதவீத வரம்பு வைக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் தளரும். டச்பேட் மேலே எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அன்றைக்கே சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.