பழைய ஆட்டோமேட்டிக் காரில் ஏ.டி.எஃப். மாற்றுவது: வீட்டு முற்றத்திலேயே செய்ய ஒரு வழி

செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் கார் வாங்குகிறவர்கள் டயரைப் பார்ப்பார்கள், பேட்டரியைப் பார்ப்பார்கள், ஏசி குளிர்கிறதா என்று பார்ப்பார்கள். கியர் பெட்டிக்குள் இருக்கிற ஆயில் (ஏ.டி.எஃப்., அதாவது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) எப்போது மாற்றியது என்று கேட்டால் விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. நம்ம குமரி மாவட்டத்தில் திருவனந்தபுரம் பக்கமிருந்து கை மாறி வந்த கே.எல். நம்பர் வண்டிகளும் நிறைய ஓடுகின்றன, அவற்றில் பலவற்றுக்குப் பழைய சர்வீஸ் புத்தகமே இருக்காது. அப்படி வரலாறு தெரியாத வண்டி உங்களிடம் இருந்தால் எஞ்சின் ஆயிலுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மேனுவல் வண்டியில் கியர் ஆயிலுக்கு உராய்வைக் குறைக்கிற வேலைதான் முக்கியம். ஆட்டோமேட்டிக்கில் அதே ஆயில்தான் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் இருக்கிற டார்க் கன்வெர்ட்டர் வழியாக எஞ்சினின் சக்தியைக் கடத்துகிறது, அழுத்தம் கொடுத்துக் கிளட்ச்சுகளைப் பிடிக்க வைக்கிறது, சூட்டையும் வாங்கி வெளியே கொண்டுபோகிறது. அதற்கு முதல் எதிரி சூடு. காலையில் வடசேரியிலோ மார்த்தாண்டம் கடைவீதியிலோ 'டி'யில் போட்டு பிரேக்கை மிதித்தபடி ஊர்ந்து போகிறோமே, அந்த நேரமெல்லாம் கன்வெர்ட்டருக்குள் ஆயில் கடைபட்டுச் சூடாகிக்கொண்டே இருக்கிறது. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு போனாலும் அதே கதைதான். அதனால் 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று யாராவது சொன்னால் யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். பழைய டார்க் கன்வெர்ட்டர் வண்டிக்கு 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுவது நியாயமான கணக்கு.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், "தொடாண்டாம் அண்ணே, மாத்தினா கியர் போயிரும், இப்படியே ஓடட்டும்" என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலானவர்கள் கியர் நழுவ ஆரம்பித்த பிறகுதான் ஆயிலைப் பற்றியே யோசிக்கிறார்கள். ஏற்கெனவே தேய்ந்துபோன கிளட்ச், ஆயில் மாற்றிய அடுத்த வாரம் கைவிட்டால் பழி ஆயில் தலையில் விழுகிறது. வண்டி இப்போது ஒழுங்காக ஓடுகிறது, கியர் மாறும்போது கொஞ்சம் சாடுகிறது, அவ்வளவுதான் என்றால் தைரியமாக மாற்றலாம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) முகர்ந்தால் தீய்ந்த வாடை என்ற நிலையில் இருந்தால் ஆயில் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, பணத்தை ரிப்பேருக்கு வையுங்கள்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது டார்க் கன்வெர்ட்டர் வைத்த சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கு: பழைய ஐ10 நான்கு கியர் ஆட்டோமேட்டிக், ஹோண்டா சிவிக், பழைய கொரோலா மாதிரி வண்டிகள். 2014-இல் செலெரியோவோடு வந்த ஏ.எம்.டி. வகை அடிப்படையில் மேனுவல் கியர் பெட்டிதான், அதற்கு இது பொருந்தாது. தனித்தனி கியர் படிகளே இல்லாத சி.வி.டி. வண்டிக்கு ஆயிலே வேறு, பழைய சிட்டி இசட்.எக்ஸ். சி.வி.டி. வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டி என்றாலும் வீட்டில் வேண்டாம். அதில் ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது ஒரு போல்ட்டைத் திறந்து வழிகிறதா என்று பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும், அந்தச் சூட்டைக் காட்ட ஸ்கேனர் வேண்டும்.

கடையில் போய் 'கியர் ஆயில்' என்று மட்டும் கேட்டால் மேனுவல் வண்டிக்குப் போடும் கெட்டியான ஆயிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஏ.டி.எஃப். என்று கேளுங்கள், அதிலும் எந்த ஏ.டி.எஃப். என்பதைச் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் கால ஹூண்டாய் ஆட்டோமேட்டிக்குகளுக்கு எஸ்.பி.-3. பழைய ஹோண்டாவுக்கு முதலில் இசட்-1 இருந்தது, இப்போது அதற்குப் பதில் டி.டபிள்யூ.-1 வருகிறது. டொயோட்டாவில் வருடத்தைப் பொறுத்து டி-4 அல்லது டபிள்யூ.எஸ்., இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல. பல வண்டிகளில் டிப்ஸ்டிக் பிடியிலேயே பெயர் பொறித்திருக்கும், இல்லாவிட்டால் ஓனர்ஸ் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். 'எல்லா வண்டிக்கும்' என்று எழுதியிருக்கும் டப்பாவை வாங்குவதானால் பின்பக்கத்தில் உங்கள் வண்டிக்கான பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சிவப்பாகத்தானே இருக்கிறது என்று நினைக்காதீர்கள், அது சாயம். எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்துக் காட்டவும் கசிவைக் கண்டுபிடிக்கவும் போட்டது, தரத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை.

இடம். நாகர்கோவில் பக்கம் தட்டையான முற்றம் கிடைத்துவிடும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் பாதி முற்றம் சரிவாகத்தான் இருக்கும், அங்கே வண்டியை ஜாக்கில் ஏற்றுவதும் ஆபத்து, ஆயில் அளவும் தப்பாகக் காட்டும். கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கித் தரையில் வைத்துப் பாருங்கள், அரை மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். ஆனி ஆடிச் சாரல் நேரத்தில் திறந்த வெளியில் செய்யாதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகக் கூடாது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்றுக் காலத்தில் தூசியும் அப்படித்தான், ஷெட்டுக்குள் விடியற்காலையில் செய்வது நல்லது.

வண்டியைத் தூக்கிய பிறகு ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகவே கூடாது. ஹாலோ பிளாக் வைத்துத் தாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது விரிசல் விடும்போது சொல்லிக்கொண்டு விடாது. பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் மரக் கட்டை, ஹேண்ட் பிரேக், லீவர் 'பி'யில். மற்றபடி வேண்டியது: போல்ட்டுக்குச் சரியான ஸ்பேனர் (ஹோண்டாவில் போல்ட்டின் நடுவில் சதுரக் குழி இருக்கும், 3/8 இஞ்சு ராட்செட் நேராகவே உட்காரும்), புது வாஷர், அகலமான பேசின், நீளமான மெல்லிய குழாய் வைத்த புனல், காலியான 1 லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் நான்கு, நூல் பிரியாத துணி. ஒர்க்‌ஷாப்பில் எல்லாவற்றுக்கும் எடுக்கிற பனியன் வேஸ்டை டிப்ஸ்டிக் துடைக்க எடுக்காதீர்கள், அதில் உதிர்கிற நூல் உள்ளே ஆயிலைக் கிளட்ச்சுகளுக்குத் திருப்பிவிடுகிற வால்வு பாடியின் மெல்லிய வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும்.

வடிப்பதற்கு முன்னால் இரண்டு வேலை. இப்போதைய அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் வருகிறது. அடுத்து, ஆயில் ஊற்றுகிற வழி திறக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் டிப்ஸ்டிக் குழாய் வழியாகவே ஊற்றலாம், சிலவற்றில் தனி போல்ட் இருக்கும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடலோரத்தில் நின்ற வண்டியில் அந்த போல்ட் உப்புக் காற்றில் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். பழைய ஆயிலை வடித்துவிட்டு, ஊற்றுகிற போல்ட் திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். முந்தின நாள் இரவே டபிள்யூ.டி.-40 அடித்து ஊறவிடுங்கள்.

பத்து நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு வந்து, வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கையும் போகும், சைலன்சர் குழாயும் பக்கத்திலேயே இருக்கும். அடியில் படுத்துப் பார்த்தால் இரண்டு டிரெயின் போல்ட் தெரியும்: ஒன்று எஞ்சின் ஆயிலுக்கு, மற்றது கியர் பெட்டிக்கு. அவசரத்தில் மாற்றித் திறப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது, அதற்குப் பிறகு எஞ்சினில் ஆயில் இல்லாமல், கியர் பெட்டியில் அளவுக்கு மேல் ஊற்றி வண்டியை ஸ்டார்ட் செய்தால் இரண்டுமே போச்சு. எந்தப் பக்கம் கியர் பெட்டி, எந்தப் பக்கம் எஞ்சின் என்று முதலில் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் நாலைந்து சொட்டு மட்டும் விட்டு நிறத்தைப் பாருங்கள்.

வருவது மங்கின சிவப்பாக இருந்தால் சந்தோஷம். பல வருடம் மாற்றாத வண்டியில் கருப்பட்டிக் காப்பி மாதிரி வரும், பயப்பட வேண்டாம். தீய்ந்த வாடை இருந்தால் கவலைப்படலாம். வெளிறிய ரோஸ் நிறத்தில் கலங்கி நுரைத்து வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் ஓட்டினதாலோ, ரேடியேட்டருக்குள் இருக்கிற ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்ததாலோ இப்படி ஆகும். அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள், ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள்.

டிரெயின் போல்ட்டின் முனையில் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் குழம்பு போல ஒட்டியிருப்பதை விரலில் எடுத்து வெயிலில் காட்டித் தேய்த்துப் பாருங்கள். நெருடாமல் வழவழவென்று இருந்தால் அது இத்தனை வருடம் தேய்ந்த இரும்புப் பொடி, இயல்பானது. நகக்கீறல் அளவுக்குக் கம்பித் துணுக்குகளோ மினுங்குகிற சில்லுகளோ இருந்தால் ஏதோ ஒரு பேரிங்கோ கியரோ உடைந்துகொண்டிருக்கிறது. காந்தத்தைச் சுத்தமாகத் துடைத்து, புது வாஷர் போட்டு, முதலில் கையாலேயே மரை ஏற்றி, அப்புறம் ஸ்பேனரால் இறுக்குங்கள். ஹோண்டாவுக்கு 49 நியூட்டன் மீட்டர். கியர் பெட்டி அலுமினியம், பலம் காட்டினால் மரை போய்விடும்.

வடித்த ஆயில் ஆறட்டும், சூட்டில் அது கொஞ்சம் விரிந்திருக்கும். ஆறினதும் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி எவ்வளவு வந்தது என்று பாருங்கள். சிறிய கார்களில் மொத்தம் 5 முதல் 7 லிட்டர் இருக்கும், வடித்தால் 2.5 முதல் 3.5 லிட்டர்தான் வரும். மிச்சம் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் நிற்கும். வந்த அளவைவிட கால் லிட்டர் குறைவாக முதலில் ஊற்றுங்கள், மீதியை டிப்ஸ்டிக் பார்த்துச் சேர்க்கலாம். கூடிப்போனதை வெளியே எடுப்பதுதான் கஷ்டம். முதலில் அளவைக் குறிக்கச் சொன்னது இதற்குத்தான்: பழைய ஆளே குறைவாக ஊற்றியிருந்தால் வந்ததையே திரும்ப ஊற்றி அதே தப்பை நீங்களும் தொடர்வீர்கள்.

இனி அளவு பார்ப்பது. இந்த வேலையில் பாதி இதுதான், ஆனால் எல்லோரும் அவசரப்படுகிற இடமும் இதுதான். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், கியர் நழுவும். கூடினால் சுழல்கிற பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், அப்போதும் அழுத்தம் விழுந்து கியர் நழுவும். இரண்டும் ஒரே மாதிரித் தெரியும் என்பதால் நழுவுகிறதே என்று இன்னும் ஊற்றி இன்னும் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

வண்டியைத் தரையில் இறக்கி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, லீவரை 'பி'யிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று விநாடி நிறுத்தி, திரும்ப 'பி'க்குக் கொண்டுவாருங்கள், ஆயில் எல்லா அறைகளுக்கும் போகட்டும். அப்புறம் ஒரு ஓட்டம். நாகர்கோவிலிலிருந்து வில்லுக்குறி வரை போய்த் திரும்பினால் ஆயில் நன்றாகச் சூடாகிவிடும். அதன் பிறகு சமதளத்தில் நிறுத்தி அளவு பார்க்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹூண்டாயிலும் டொயோட்டாவிலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஹோண்டாவில் எஞ்சினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அளவு நிச்சயம் தப்பும். டிப்ஸ்டிக்கில் குளிர்ந்த நிலைக்கு ஒரு கோடு, சூடான நிலைக்கு ஒரு கோடு இருந்தால் சூடான கோட்டை நம்புங்கள். துடைத்து, முழுக்க உள்ளே விட்டு, எடுத்து, இரண்டு பக்கமும் பாருங்கள். குறைவாகக் காட்டுகிற பக்கம்தான் சரியான அளவு, மற்றது குழாய்ச் சுவரில் உரசி வந்தது.

ஒரு தடவை வடித்ததில் பாதி ஆயில்தான் புதிதாகியிருக்கிறது. ஒன்றிரண்டு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினால் முக்கால் பங்கு, மூன்றாவது தடவைக்கு 87 சதவீதம் வரை புதிது. மெஷின் வைத்து ஒரே மூச்சில் முழுக்க மாற்றித் தருகிறேன் என்பார்கள். வரலாறு தெரியாத பழைய வண்டிக்கு எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மெதுவாகப் போனால் ஒவ்வொரு தடவையும் காந்தத்தையும் நிறத்தையும் பார்த்து, ஏதாவது சரியில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அடியில் பான் (கழற்றக்கூடிய ஆயில் தட்டு) வைத்த வண்டி என்றால் இரண்டாவது வடிப்பின்போது அதைக் கழற்றி ஃபில்டரும் கேஸ்கட்டும் மாற்றலாம். பான் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, மிகக் குறைந்த பலத்தில் இறுக்க வேண்டும். ஹோண்டாவில் உள்ளே இருக்கிற வலை, பெட்டியைப் பிரித்தால்தான் வெளியே வரும், அதை நினைக்கவே வேண்டாம்.

மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் பழைய நாளிதழ் விரித்துப் பாருங்கள், சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தாலும் டிரெயின் போல்ட்டைச் சரிபார்க்க வேண்டும்.

பழைய ஆயிலை வாய்க்காலிலோ குளத்தங்கரையிலோ கொட்டாதீர்கள். கரையான் அரிக்காது என்று வேலிக் கம்புகளுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் அடிப்பது ஊரில் இன்னும் நடக்கிறது, கிணறு பக்கத்தில் இருக்கிற முற்றத்தில் அதுவும் வேண்டாம். ஒர்க்‌ஷாப்புகளில் கழிவு ஆயிலுக்கு டிரம் வைத்திருப்பார்கள், கேனில் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்கள். கேனை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு வடிப்பு பாக்கி இருக்கிறது.