கவுன்ட்டி ஜெயிலுக்குக் கடிதம்: இருமுறை திரும்பி வந்த கதை

அமெரிக்காவின் டெக்சாஸில் என் பழைய ரூம்மேட் விசாரணைக் கைதியாகக் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜெயிலில் இருந்தான். முதல் கடிதம் பத்தே நாளில் திரும்பி வந்தது. உறையில் பெயர் மட்டும்தான் எழுதியிருந்தேன், புக்கிங் எண் (கைதிக்கு ஜெயிலில் கொடுக்கும் எண்) இல்லை. ஜெயிலை நடத்தும் ஷெரிஃப் (கவுன்ட்டி போலீஸ் தலைவர்) அலுவலக இணையதளத்தில், கைதிகள் பட்டியலில் பெயரைப் போட்டதும் எண் கிடைத்துவிட்டது.

இரண்டாவதும் திரும்பியது! என் மகள் ஆசையாக ஒட்டிய பூ ஸ்டிக்கர்தான் வினை. போதைமருந்தைத் தாளில் ஊறவைத்தும் ஸ்டிக்கருக்கு அடியில் தடவியும் அனுப்புகிறவர்கள் உண்டு. அதனால் ஸ்டிக்கர், மினுமினுப்பு, சென்ட் எதுவும் ஆகாது. அதோடு முகவரியும் தப்பு. அந்த ஜெயிலில் சொந்தக் கடிதங்கள் வேறு மாநிலத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் தபால்பெட்டிக்குப் போக வேண்டும். அங்கே ஸ்கேன் செய்து, டேப்லெட் திரையில் கைதிக்குக் காட்டுவார்கள். தாள் அவன் கைக்கே வராது. வக்கீல் கடிதம் மட்டும் நேராக ஜெயிலுக்கு. விதிகளை முதலிலேயே படித்திருக்கலாம், சோம்பேறித்தனம்.

மூன்றாவது முறை வெள்ளைத்தாள், நீல மை, முழுப்பெயர், எண், என் முழு முகவரி. கடிதத்தைச் சோதித்துப் படிக்கிறவர்களுக்குப் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே எழுதினேன். அவனுக்கு ஒரு புத்தகமும் அனுப்பினேன், ஆனால் நானே பார்சல் கட்டவில்லை. கடையிலிருந்தே புது பேப்பர்பேக்காகப் போகச் செய்தேன்.

பதினோராம் நாள் அவனிடமிருந்து போன் வந்தது.