ஓடி (ஓவர்டைம்) கணக்கு தப்பானால்: சிங்கப்பூரில் சம்பள பாக்கி கேட்கும்போது செய்யக்கூடாதவை

சம்பளம் அக்கவுண்டில் ஏறியதும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிடுவதுதான் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு. பே சிலிப்பை வரிவரியாகப் படிப்பவர்கள் குறைவு. ஆனால் பிழை பெரும்பாலும் ஓடி வரியில்தான் இருக்கும்.

மாத அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி 800-ஐ 12-ஆல் பெருக்கி, 52 வாரத்தை 44 மணி நேரத்தால் பெருக்கி வரும் 2,288-ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு கிட்டத்தட்ட 4.20 வெள்ளி வரும். ஓடிக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 6.29. கணக்கு போடுபவர் 30 நாள், நாளுக்கு 8 மணி என்று 240-ஆல் வகுத்துவிட்டால் ஓடி மணிக்கு 5 வெள்ளியாகச் சுருங்கிவிடும். 60 மணி ஓடி பார்த்தவருக்கு அந்த மாதம் 77 வெள்ளி போச்சு. வருடம் முழுக்க இப்படியே போனால் 900 வெள்ளிக்கு மேல். ஐபிஏ கடிதத்தில் (வேலை பெர்மிட்டுக்கு முன் மனிதவள அமைச்சு கொடுக்கும் அனுமதிக் கடிதம்) இருக்கும் அடிப்படைச் சம்பளமும் சிலிப்பில் இருப்பதும் ஒன்றுதானா என்பதையும் பாருங்கள்.

சரி, பிழை தெரிந்துவிட்டது. சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டு, "அடுத்த மாசம் சேர்த்துப் போட்டுடறோம்" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். எந்த மாதம், எத்தனை மணி, எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். ஓடி பணத்தைச் சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். மற்ற சம்பளத்துக்கு 7 நாள்.

என் அறையில் இருந்த ஓர் அண்ணன் தினமும் படுக்கும் முன் சுவர் காலண்டரில் அன்றைய வேலை நேரத்தைக் குறித்து வைப்பார். மாதக் கடைசியில் அதை போட்டோ எடுத்துக்கொள்வார். டைம் கார்டு கம்பெனியிடம் இருக்கிறது என்று நம்பியிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கோபத்தில் வேலைக்குப் போகாமல் இருப்பது பெரிய தவறு. அனுமதியோ தக்க காரணமோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால், ஒப்பந்தத்தை மீறியதாக உங்கள் மேலேயே திருப்பிவிடுவார்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது காலக்கெடு விஷயம்தான். வேலையில் இருப்பவர், பணம் வர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் டாடெம் (TADM) என்ற, வேலைத் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் அமைப்பில் மனு போட வேண்டும். வேலையை விட்டவருக்குக் கடைசி நாளிலிருந்து 6 மாதம்தான். 'பார்த்துக்கலாம்' என்று இருந்தால் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில், டிக்கெட்டோடு நீட்டும் 'எல்லா பாக்கியும் பெற்றுக்கொண்டேன்' தாளில் கையெழுத்து போட்டுவிட்டால் அப்புறம் வாதாடுவது சிரமம். தாளில் எழுதிய தொகை கைக்கு வராமல் கையெழுத்து வேண்டாம். புரியாத தாள் என்றால் போட்டோ எடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பின்வாங்கவும் வேண்டாம். டாடெம் முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமரசம் பேசும். அங்கே முடியாவிட்டால் வேலை தொடர்பான கோரிக்கைகளுக்கான தீர்ப்பாயம். 20,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் யாருக்கும் அங்கே இடமில்லை. ஐபிஏ, பே சிலிப், வங்கிக் கணக்கு விவரம், காலண்டர் போட்டோ, வாட்ஸ்அப் செய்திகள், எல்லாவற்றையும் மாத வரிசையில் அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.