பரணில் கிடக்கும் கோர்ட் சீரியல் கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி

வக்கீல் அங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாலே வீடு மொத்தமும் பேச்சை நிறுத்தும் கோர்ட் சீரியல்கள் இருந்தன. அவற்றில் பலவற்றுக்கு யாரோ வீட்டு வி.சி.ஆரில் பதிந்து வைத்த கேசட்தான் மிச்சம். மதுரை வீடுகளில் அது பெரும்பாலும் மொட்டைமாடித் தளத்துக்குக் கீழே, பரணில்தான் இருக்கும். சித்திரை வெயிலில் வெந்து, ஐப்பசி மழையில் ஈரம் குடித்து, மறுபடி வேகிற இடம். டேப்புக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது.

கேசட்டை எடுத்தவுடன் வி.சி.ஆரில் போடாதீர்கள். மேலே உள்ள கண்ணாடி வழியாக டார்ச் அடித்துச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். பளபளவென்று கறுப்பாக இருந்தால் நல்லது. வெள்ளையாக மாவு தூவியதுபோல் தெரிந்தால் பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் டேப் கிழியலாம். பூஞ்சை வி.சி.ஆரின் ஹெட்டில் (டேப்பைப் படிக்கும் முனை) ஒட்டி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை பிடித்ததை மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு, மூன்று வாரம் வையுங்கள். ஈரம் வற்றியதும் பூஞ்சை காய்ந்து உதிரும். பிறகு என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள். வெயிலில் காயப்போடுவது மட்டும் வேண்டாம், டேப் சுருங்கிவிடும். வேலைக்கு ஏற்ற மாதம் மாசி, பங்குனி.

புது வி.சி.ஆர் இனி வராது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016-ல் நிறுத்திவிட்டது. டவுன்ஹால் ரோடு பக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் விசாரித்தால் செகண்ட்ஹேண்டில் கிடைக்கலாம். கையோடு உதவாத ஒரு கேசட்டைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். சத்தம் அலைந்தால் டேப்பை இழுக்கும் உருளையான பிஞ்ச் ரோலரின் ரப்பர் காய்ந்து வழுவழுப்பாகிவிட்டது என்று அர்த்தம். படம் முழுக்கப் புள்ளி விழுந்தால் பெரும்பாலும் ஹெட்டில் அழுக்கு. ஹெட்டைத் துடைக்க மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட் உதவாது, அதில் தண்ணீர் கலந்திருக்கும். செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நார் உதிராத துணியை அதில் நனைத்து ஹெட் பொருந்திய உருளையான டிரம்மின் பக்கத்தில் அசையாமல் பிடித்தபடி, டிரம்மை மட்டும் கையால் சுற்றுங்கள். துணியை மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடையும். பஞ்சு குச்சி கூடவே கூடாது.

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பழையது அழியாது. ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். பல வருஷம் ஒட்டிக் கிடந்த சுற்றுகள் பிரியும்.

வி.சி.ஆரின் மஞ்சள், வெள்ளை ஏ.வி. பின்னிலிருந்து யு.எஸ்.பி. கேப்சர் கருவிக்கு ஒயர் கொடுங்கள். ஆண்டெனா அவுட்டிலிருந்து எடுக்க வேண்டாம். நம் ஊர்ப் பதிவுகள் பால் (PAL) என்ற டி.வி. முறை: 720க்கு 576, நொடிக்கு 25 பிரேம். அமெரிக்காவில் பதிந்து வந்த கேசட் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை. அதைப் படிக்கும் வி.சி.ஆர் தனியாக வேண்டும். மென்பொருளில் விர்ச்சுவல்டப் நல்லது. ஓபிஎஸ் பயன்படுத்தினால் அளவையும் பிரேமையும் நீங்களே மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் அது பெரிய திரை அளவுக்கு இழுத்துப் பதிந்து படத்தைக் கெடுத்துவிடும். இழப்பில்லாத வடிவில் மணிக்கு 25 முதல் 35 ஜிபி பிடிக்கும். ஒரு ஈ-180 கேசட் சாதாரண வேகத்தில் 3 மணி நேரம் ஓடும், இடையில் நிறுத்த முடியாது. ஆகவே உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கோர்ட் சீரியலுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப் பட்டை இரண்டும் ஒரே சட்டகத்தில் வரும். கேப்சர் கருவி கொடுத்தபடியே பதிந்தால் பட்டை வெறும் வெள்ளையாக வெளிறிவிடும், அங்கி கரிக்கட்டையாகும். பதியும் முன் அப்படி ஒரு காட்சியில் நிறுத்தி, பட்டையின் மடிப்பு தெரியும்வரை கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். அங்கியின் மடிப்பு பிரிந்து தெரியும்வரை பிரைட்னஸை ஏற்றுங்கள். படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பரவாயில்லை. பிறகு ஏற்றிக்கொள்ளலாம். பதியும்போதே போன மடிப்பு திரும்பி வராது.

சத்தத்திலும் இதே கதை. சாட்சி முணுமுணுப்பார், எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபணை என்று கத்துவார். கத்தும் இடம் மென்பொருளின் ஒலி மீட்டரில் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். பின்னணி இரைச்சலை 6 முதல் 8 டெசிபல்வரை குறைத்தால் போதும். அதற்குமேல் போனால் சாட்சி தொட்டித் தண்ணிக்குள்ளிருந்து பேசுவார்.

படமும் சத்தமும் நழுவுகிறதா என்று பார்க்க ஜட்ஜின் சுத்தியலைப் போல வசதியானது வேறில்லை. நம் கோர்ட்டுகளில் ஜட்ஜ் யாரும் சுத்தியல் தட்டுவதில்லை, அது சீரியல்காரர்கள் தந்தது. கேசட்டின் தொடக்கத்தில் ஒரு தட்டு, முடிவில் ஒரு தட்டு எடுத்து, சுத்தியல் மேசையைத் தொடும் பிரேமும் சத்தம் எகிறும் இடமும் ஒன்றா என்று பாருங்கள். முதலில் சரியாக இருந்து கடைசியில் விலகினால், நடுவில் பிரேம் விட்டுப்போயிருக்கிறது. கருவியை நேரடியாக வேறு யு.எஸ்.பி. பின்னில் செருகி, மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு மறுபடி பதியுங்கள்.

கொடைக்கானல் டி.வி. டவரை நோக்கித் திருப்பிய ஆண்டெனா வழியாகப் பதிந்தவற்றில் இரட்டை நிழலும் பனியும் இருக்கும். வி.சி.ஆரின் டிராக்கிங் குமிழைத் திருகிப் பயனில்லை, அது பதிவிலேயே உள்ள குறை. டிராக்கிங் சரிசெய்வது படத்தின் குறுக்கே ஓடும் கோடுகளை மட்டும்தான். அடி விளிம்பில் எட்டுப் பத்து வரி கிழிந்து தெரிவது எல்லா கேசட்டிலும் உண்டு. வெட்டாமல் கறுப்பால் மூடுங்கள், 4:3 அளவு மாறாது.

அடுத்தது ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளாகப் பின்னிய படத்தைப் பிரிப்பது (டீஇன்டர்லேஸ்). வீடியோ கேமராவில் எடுத்த சீரியலுக்கு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் பாப் (Bob) என்ற பிரிக்கும் முறையைத் தேர்வு செய்து நொடிக்கு 50 பிரேமாக மாற்றுங்கள், கையசைவு இயல்பாக வரும். ஃபிலிமில் எடுத்த, பெர்ரி மேசன் என்ற அமெரிக்க கோர்ட் தொடர் போன்றவற்றுக்குப் பிரிக்கவே வேண்டாம். 1957 முதல் 1966 வரை வந்த பெர்ரி மேசனின் 271 பாகங்களில் ஒன்றுதான் கலர். மற்றவற்றுக்கு கலரை முழுக்கப் பூஜ்யமாக்குங்கள். டேப் கலந்த சிவப்பு, பச்சைக் கறைகள் ஒரே அடியில் போய்விடும்.

விளம்பரங்களை வெட்டாதீர்கள். லேபிளில் தேதி இல்லாத கேசட்டுக்கு சோப்பு விளம்பரமும் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டையும்தான் துப்பு. வெட்டிய பிரதி வேண்டுமென்றால் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பார்ப்பதோடு நிறுத்துங்கள், யூடியூபில் ஏற்றுவது உரிமைக்காரர் விஷயம்.

டி.வி.யில் போட்டுக்காட்ட எச்.264 எம்பி4 செய்து, பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய ஃபேட்32-ல் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. டி.வி.யின் பட அளவை 4:3-க்கு மாற்ற மறந்தால் ஜட்ஜ் ஐயா அகலமாகிவிடுவார், அப்பத்தா முதலில் அதைத்தான் கேட்பார்.