ஒரே ஒலி, வேறு பொருள்: ஆங்கிலக் கடிதத்தில் காலை வாரும் சொற்கள்

ஆங்கிலத்தில் எஸ் ஒலி வேறு, இசட் ஒலி வேறு. தமிழில் இசட் ஒலி கிடையாது என்பதால் இரண்டையும் நாம் 'ஸ்' என்றே சொல்கிறோம், பிறகு சொன்னபடியே எழுதிவிடுகிறோம். பிழைதிருத்தியும் பல நேரம் கைகொடுக்காது. தவறாக எழுதிய சொல்லும் அகராதியில் இருப்பதுதானே!

'லூஸ்' என்ற சொல்லைப் பாருங்கள். சட்டை தொளதொளவென்று இருந்தால் அதற்கு இரண்டு ஓ. தொலைப்பது, இழப்பது, தோற்பது என்றால் ஒரே ஓ. தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு கடைசி ஒலியை நீட்டிச் சொல்லுங்கள். தொளதொள 'லூஸ்' பாம்பு சீறுவதுபோல முடியும், விரலில் அதிர்வே தெரியாது. இழக்கும் 'லூஸ்' வண்டு ரீங்காரம்போல முடியும், தொண்டை அதிரும். "இந்த வாய்ப்பை இழக்க விரும்பவில்லை" என்று வேலை விண்ணப்பத்தில் எழுதும்போது இரண்டு ஓ போட்டால், வாய்ப்பை அவிழ்த்துவிட விரும்பவில்லை என்று ஆகிவிடுகிறது.

'பிரைஸ்' சொல்லிலும் இதே சிக்கல். சி போட்டால் விலை, இசட் போட்டால் பரிசு. போட்டிச் சான்றிதழில் சி வந்துவிட்டால் குழந்தை வாங்கியது முதல் பரிசு அல்ல, முதல் விலை. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

'அட்வைஸ்' என்பதில் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைச்சொல்லுக்கு எஸ். அறிவுரைக்கு சி, அறிவுரை சொல்வதற்கு எஸ். பெயர்ச்சொல்லுக்குப் பன்மையும் கிடையாது. 'அட்வைசஸ்' என்று எழுதக் கூடாது. 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' இரண்டிலும் ஒலி மாறாது, ஆனால் பிரிட்டிஷ் முறையில் எழுத்து இதே விதிப்படி மாறும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநர் உரிமத்தை சி போட்டே எழுதுகிறது. அமெரிக்கர்கள் பெயர், வினை இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் வைத்திருக்கிறார்கள்: முதல் சொல்லுக்கு சி, அடுத்ததற்கு எஸ். எந்த முறையை எடுத்தாலும் சரி, ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

இன்னொரு வகையில் ஆங்கிலேயர் காதுக்கே வேறுபாடு கேட்காது. அங்கே எழுத்தை நினைவில் வைப்பது ஒன்றே வழி. கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கு இது எளிது: ஏ தட்டினால் அ, ஈ தட்டினால் எ.

'ஸ்டேஷனரி' கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் ஈ வந்தால் எழுதுபொருள், ஏ வந்தால் அசையாமல் நிற்பது. எ-வுக்கு எ, அ-வுக்கு அ. இரண்டும் ஒரே வேர்தான். ஊர் ஊராகச் சுற்றாமல் ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவருக்கு வந்த பெயரிலிருந்து பிறந்ததே எழுதுபொருளுக்கான சொல்.

'பிரின்சிபல்' ஏ-எல் என்று முடிந்தால் அசல், இலங்கை வழக்கில் பள்ளி அதிபர் (நம் ஊரில் முதல்வர்). எல்-ஈ என்று முடிந்தால் கொள்கை. வங்கிக்கு எழுதுபவர்கள் இதில்தான் அதிகம் கவனமாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 1,00,000 ரூபாய் கடன், 12 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 8,885 ரூபாய் வரும். முதல் மாதம் அதில் 1,000 வட்டி, மீதி 7,885 அசலில் கழியும். அசலில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்கும் கடிதத்தில் எல்-ஈ போட்டால், என் கொள்கையில் எவ்வளவு பாக்கி என்று கேட்டதாகிவிடும்.

'காம்ப்ளிமென்ட்' நடுவில் ஐ வந்தால் பாராட்டு. விடுதியில் இலவசமாகத் தரும் காலை உணவுக்கும் இந்த ஐ-தான். ஈ வந்தால் ஒன்றை முழுமையாக்குவது. 'எஃபெக்ட்' ஈ-யில் தொடங்கினால் பெரும்பாலும் விளைவு என்ற பெயர்ச்சொல், ஏ-யில் தொடங்கினால் பாதிப்பது என்ற வினை. அரசாணையில் "இந்தத் தேதி முதல் அமலுக்கு வருகிறது" என்று வரும் இடத்தில் எப்போதும் ஈ.

கடிதத்தை முடித்ததும் கன்ட்ரோல்-எஃப் அழுத்தி இந்தச் சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அகப்படும் இடத்தில் தமிழ்ப் பொருளை வைத்து வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். "அசல்" வர வேண்டிய இடத்தில் "கொள்கை" வந்தால் காது உடனே சொல்லிவிடும்.